அப்பாவின் பாட்டு, தம்பியின் பாட்டு, என் பாட்டு

எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் பாட்டுகளைப் பங்கு போட்டு வைத்திருந்தோம். மேய்ப்பர்கள் மலையிறங்கி ஓடிவரும் பாட்டு அப்பாவுடையது. டோலக் இல்லாமல் அதைப் பாடினால் அவருக்குக் கோபம் வரும். அந்த மலை பெத்லகேமில் இல்லை, கிளென்மார்கனில்தான் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. அங்கே எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவர் அவர். பனியில் ஆடு மேய்த்தவனுக்குத்தான் அந்தப் பாட்டு புரியும் என்பார். அவர் ஒருநாளும் ஆடு மேய்த்ததில்லை. அருவங்காடு பேக்டரியில் முப்பத்திரண்டு வருடம் ஷிப்ட் பார்த்தவர்.

தம்பியுடையது பள்ளிக்கூடத்தில் கற்ற ஒரு ஆங்கிலப் பாட்டு. மூன்றாம் வகுப்பில் அதைப் பாட மேடையேறி, பாதியில் வார்த்தை மறந்து, பியானோ முடியும்வரை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றான். இப்போது கனடாவில் இருக்கிறான். டிசம்பர் வந்தால் அதையே போனில் பாடி அனுப்புகிறான். இன்னும் அதே இடத்தில் முணுமுணுப்புதான். என்னுடையது ஒரு தாலாட்டு. பதினோரு வயதில் அதைத் தனியாகப் பாட எனக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளை நான் இன்னும் மன்னித்தபாடில்லை. அவள் நன்றாகப் பாடினாள் என்பதில் எரிச்சல் இரட்டிப்பு.

கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம் எங்கள் சபையின் பாட்டுக் குழு வீடு வீடாகப் போகும். மற்ற ஊர்களில் இதற்கு இருட்ட வேண்டும். எங்கள் மலையூரான காந்தலில் இருட்டினால் காட்டெருமை இறங்கிவிடும் என்று பிற்பகல் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவோம். வீட்டுக்காரர் கேட்கும் பாட்டைப் பாடுவது வழக்கம். எங்கள் வாசலில் என்ன பாட்டு என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. அப்பா கைத்தாளம் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார்.

துக்க வீட்டுக்கு மட்டும் வேறு முறை. அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் ஸ்டார் தொங்காது. அந்த வாசல் வந்ததும் டோலக்கை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து கடந்துபோய்விடுவோம். இருபது வருடமாக நானும் குழுவோடு அப்படித்தான் கடந்து போயிருக்கிறேன். அது மரியாதை என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

போன ஜூலை மழையில் அப்பா இறந்துபோனார். டிசம்பரில் ஒருநாள் குழுவின் செயலாளர் எனக்குப் போன் செய்தார். நான் பள்ளியில் இருந்தேன், அடுத்த வகுப்புக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க டீச்சர், இந்த வருசம் உங்க ஊட்டுக்கு வரலாமுங்களா, எப்படீங்க?"

"வேண்டாங்க. அம்மா தாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். யோசிக்கவில்லை. அம்மாவிடம் கேட்கவும் இல்லை. அம்மாவுக்கு எது நல்லது என்பதை நாங்களே முடிவு செய்து பழகிவிட்டது.

அவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. தலைவலி என்று சொல்லிக் குழுவோடு போகாமல் போர்வைக்குள் கிடந்தேன். ஏலக்காய் வாசனை வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போனேன். பெரிய போசியில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய அச்சு முறுக்கு.

"இது ஆருக்கும்மா?"

"பாடறவங்களுக்குத்தான். இருபது பேருக்குப் பத்தாதுங்கறயா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தெருவின் கீழ்ப்படிகளில் டோலக் சத்தம் ஏறி வந்தது. எங்கள் கேட் அருகே வந்ததும் நின்றது. காலடிச் சத்தம் மட்டும் கடந்து போயிற்று. இரண்டு வீடு தள்ளி மறுபடி டோலக் தொடங்கியது. அம்மா வடிகட்டியைக் கையில் பிடித்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, நம்மூட்டை உட்டுட்டுப் போறாங்க?"

"நாந்தாம்மா வேண்டான்னு சொன்னேன். நீங்க தாங்க மாட்டீங்கன்னு..."

"ஆருகிட்டக் கேட்டுச் சொன்ன?"

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கு அந்தக் குணம் உண்டு. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சு மாசமா இந்த ஊட்டுக்கு வர்றவங்க பூராம் கொரலை எறக்கிப் பேசிட்டுப் போறாங்க. இன்னைக்காச்சும் ஊட்டுல சத்தம் கேக்கும்னு இருந்தேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. செருப்புகூடப் போடாமல் படியேறி ஓடினேன். செயலாளர் என் வெறுங்காலைப் பார்த்தார். "அம்மா கூப்பிடறாங்க, வாங்க" என்றேன். அவர் குழுவைத் திருப்பிக்கொண்டு படியிறங்கினார்.

எங்கள் முன்னறையில் இருபது பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. டோலக்காரர் அப்பாவின் மேய்ப்பர் பாட்டுத் தாளத்தை விரல் நுனியால் மெல்லத் தட்டிப் பார்த்தார். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். எப்படியும் அழப்போகிறோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா கை காட்டி நிறுத்தினார். "அது வேண்டாங்க. அதைக் கேட்டா இன்னைக்கு என்னால நிக்க முடியாது. எனக்குப் புடிச்சது ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கம்மா" என்றார் செயலாளர்.

அம்மா கேட்டது எங்கள் குழு பல வருடங்களாகத் தொடாத ஒரு பாட்டு. நிறைமாதக் கர்ப்பிணியாக மரியாள் பெத்லகேமுக்குப் போவதைச் சொல்லும் மெதுவான கீர்த்தனை. செயலாளர் போனில் வார்த்தைகளைத் தேடத் தொடங்கினார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கூரு சர்ச்சுல நாந்தானுங்க இதைத் தனியாப் பாடுவேன்" என்றார் அம்மா.

எனக்கு அது தெரியாது. வீட்டில் ஆளுக்கொரு பாட்டு இருக்கிறது என்று ஊரெல்லாம் பெருமையடித்த நான், அம்மாவுக்கு எந்தப் பாட்டு என்று நாற்பத்து நான்கு வயதுவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. குழு வந்து பாடிய ஒவ்வொரு வருடமும் அம்மா அடுப்படியில் டீ வடித்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே இருந்ததே எங்களுக்கு வசதியாக இருந்தது.

செயலாளர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தானே தொடங்கிவிட்டார். முதல் வரியில் குரல் கம்மியது. இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. குழுவில் வயதான இரண்டு பேர் தயங்கித் தயங்கி எடுத்துக்கொடுக்க, அம்மா மறுபடி தொடர்ந்தார். எனக்கு ஒரு வரிக்கு மேல் தெரியவில்லை.

டீ ஆறிப்போய்க்கொண்டிருந்தது, டம்ளர்களில் ஊற்ற ஆள் இல்லை. நான் அடுப்படிக்குப் போனேன். மீதிச் சரணங்களை அங்கே நின்று, சுவர் வழியாகத்தான் கேட்டேன்.