ஆபேலின் பாட்டு நோட்டு

தோல் கம்பெனி கிளார்க் ஆபேல், 2004 முதல் சனிக்கிழமைதோறும் ஆம்பூர் ஓட்டல் பாரில் கரோக்கி நடத்திவந்தார். சர்ச் பாடகர் குழுவின் தலைவரும் அவர்தான். அங்கே பாடியதையெல்லாம் குறித்துவைக்கும் பழக்கத்தில், பாரிலும் யார் என்ன பாடினார்கள் என்று தேதி போட்டு நோட்டில் எழுதிவைப்பார். ஒரிஜினல் சிடி வாங்கியாயிற்று, அதைப் பொது இடத்தில் போட இன்னும் லைசென்ஸ் எதற்கு என்பது அவர் கட்சி.

மூன்று வாரமாக மூலை மேசையில் ஒருவர் சோடா மட்டும் குடித்தார், பாடவே இல்லை. நான்காவது வாரம் ஆபேலிடம் வந்தார்.

"பாட்டு கம்பெனிங்க சார்பா வர்றேன். இங்க இன்னா பாட்டெல்லாம் பாடுறாங்க?"

ஆபேல் பெருமையாக 2004 முதலான மூன்று வருட நோட்டையும் நீட்டினார். வந்தவர் ஒரு பக்கம் விடாமல் நிதானமாகப் புரட்டிக் குறிப்பெடுத்தார்.

"எழுத்து உங்களுதுதானே?"

"ஆமா சார். ஒரு பாட்டு விட்டதில்ல."

அதையும் வந்தவர் எழுதிக்கொண்டார்.