ரேடியேட்டருக்குள் நின்ற காற்று

பட்டறையில் அவனை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் ஸ்பேனரைத் தேடி எடுப்பதற்குள் அவன் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

அவனுடைய அக்கா கணவர் வாடகைக் கார் ஓட்டியவர். ஒரு நாள் காலை அந்தக் காரில் ரேடியேட்டர் குழாய் வெடித்துவிட்டது. மின்னல் புதுக் குழாயை மாட்டி, என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டை ஊற்றினான். வேலை அதோடு முடிவதில்லை. மூடியைத் திறந்துவைத்தே என்ஜினை ஓடவிட வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று குமிழ் குமிழாக வெளியேறும். மட்டம் இறங்க இறங்க மேலும் ஊற்ற வேண்டும். அரைமணி நேரமாவது பிடிக்கும்.

"சவாரி காத்துக்கிட்டு இருக்குடா. ஊத்தினது போதும், மூடு."

"காத்து போகணும் அத்தான்."

"உன் கை பட்ட வண்டிக்கு என்னடா ஆயிடும்?"

அந்த ஒரு பேச்சில் மின்னலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூடினான்.

மேட்டுச் சாலையில் என்ஜின் கொதித்தது. சூட்டை அளக்கும் சென்சார் காற்றுக்குள் இருந்ததால் அத்தானுக்கு முன்னால் இருந்த சூட்டு முள் நடுவிலேயே நின்றது. புகை கிளம்பிய பிறகுதான் வண்டியை நிறுத்தினார். பயணி அவசரப்படுத்தவும், துணியைச் சுற்றி மூடியைத் திருகினார். கொதிக்கும் கூலண்ட் முகத்தில் பாய்ந்தது. வலது கண் போயிற்று. இடது கண்ணில் நிழல் மட்டுந்தான் தெரிந்தது.

மருத்துவமனைக்கு ஓடிய மின்னலிடம் அக்கா சண்டை போடவில்லை. பிறந்த நாளிலிருந்து அவனை 'வாடா போடா' என்றவள், "நீங்க கிளம்புங்க" என்றாள்.

நான்கு மாதம் கழித்துக் காரை வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

"விக்கப் போறோம். ஓடினாத்தான் வாங்குவாங்களாம். உங்ககிட்டயே காட்டணும்னு அவர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

மூன்று நாள் என்ஜினைப் பிரித்துச் சரிசெய்தான். கூலண்ட் ஊற்றும் நாளில் உதவிக்கு ஆளில்லை. அக்காதான் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தாள். காற்று முழுதும் போகவேண்டும் என்று ஹீட்டரையும் போடச் சொன்னான். அவள் கழுத்து வேர்வையில் நனைந்தது. அவன் குழாயை அமுக்கி அமுக்கி விட்டான். குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன.

"நான் மூடியிருக்கக் கூடாதுக்கா."

"தான்தான் மூடச் சொன்னதா அவர் தினமும் புலம்புறாரு. கேக்கக் கேக்க எனக்கு ரெண்டு பேர் மேலயும்தான் ஆத்திரம் வருது."

குமிழ் நின்றது. ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழன்று ஓய்ந்தது. மேலும் கால்மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் மூடியைப் போட்டான்.

மறுநாளே யாரோ அந்தக் காரை வாங்கிப் போனார்கள். அக்கா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மின்னல் அவர்கள் வீட்டுக்குப் போகிறான். அத்தானை ஜன்னலோரம் உட்காரவைத்து, தழும்புகளில் கத்தி படாமல் சவரம் செய்துவிடுகிறான். இருவரும் வண்டிகளைப் பற்றி ஏதாவது பேசுகிறார்கள். கதவைத் திறந்துவிட்டு உள்ளே போன அக்கா, அவன் கிளம்பும்வரை வெளியே வருவதில்லை.