மிளகில் கிடந்த நெல்

மிளகு வாங்கி விற்பவனுக்கு வருகிற முதல் வியாதி தும்மல்; இரண்டாவது, யாரையும் நம்பாமை. தும்மலுக்காவது மருந்து உண்டு. அரிசியோ ஆணியோ, எதையாவது தரம் பார்த்து வாங்கிக் கொடுக்கும் வேலையில் நீங்களும் இருந்தால், மேலே சொல்லாமலே என் பாடு உங்களுக்குப் புரிந்துவிடும். விற்பவனுக்கு நாம் குறை சொல்பவன். வாங்குபவனுக்கு நாம் குறை மறைப்பவன். நடுவில் நின்றே நமக்கு வயதாகிவிடுகிறது.

நான் கீழ்வேளூர்க்காரன். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை நெல். மிளகுக் கொடியை எங்கள் ஊரில் பாதிப் பேர் பார்த்ததே கிடையாது. மெட்ராஸில் ரசப்பொடி, சாம்பார்ப் பொடி போடும் ஒரு பெரிய கம்பெனிக்கு மலையிலிருந்து மிளகு வாங்கி, சொந்த ஊரில் காயவைத்து, புடைத்து, சுத்தம் செய்து அனுப்பிக்கொண்டிருந்தேன். கோடையில் நெற்களமெல்லாம் சும்மா கிடக்கும். முறம் பிடிக்கத் தெரிந்த பெண்களும் வேலையில்லாமல் இருப்பார்கள். இதைவிடத் தோதான இடம் இல்லை என்று நினைத்தேன். அது எவ்வளவு தப்பு என்று போகப் போகத் தெரிந்தது.

டம்ளர் தண்ணீர்

மலையடிவாரத்தில் எந்த மண்டிக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது ஒரு டம்ளர் தண்ணீர். வெயிலில் வந்த மனிதன் குடிக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்துக் கொடுப்பார்கள். நான் அதில் ஒரு பிடி மிளகைப் போடுவேன். நல்ல மிளகு அடியில் போய் உட்காரும். உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மேலே மிதக்கும். கலப்படத்துக்குப் போட்ட பப்பாளி விதையும் கூடவே மிதக்கும்.

ஒரு மண்டிக்காரர் மோர் கொடுத்து, குடும்பம் விசாரித்து, மிகவும் பிரியமாகப் பேசிக்கொண்டிருந்தார். டம்ளரில் பாதிக்கு மேல் மிதந்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.   நான் எழுந்து செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து சத்தம் வந்தது: "தண்ணியில போட்டுப் போட்டுப் பாக்குறீங்களே, நாங்க என்ன கப்பலா சார் விக்கிறோம்?"

கனத்தால் வந்த வினை

அப்போது தஞ்சாவூர் ஜில்லாவை விட்டு ஒரு மூட்டை நெல்லோ அரிசியோ வெளியே போகக்கூடாது. எல்லையில் சோதனைச் சாவடி. ராத்திரியும் பகலும் லாரிகளை நிறுத்திக் குடைவார்கள். அந்தத் தடவை நான் அனுப்பியது அசல் சரக்கு. ஒரு படி அளந்து தூக்கினாலே கனம் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

சாவடி அதிகாரி ஒரு மூட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். உள்ளே அரிசி இருக்குமோ என்று உடனே முகத்தில் சந்தேகம். இரும்புக் குத்தூசியை எடுத்து மூட்டை மூட்டையாகக் குத்தினார்கள். மிளகுதான் கொட்டியது. அப்படியும் திருப்தி இல்லாமல் எல்லாவற்றையும் கீழே இறக்கிப் பிரித்தார்கள். மேலே தூறல். நான் கும்பிடாத குறை. கடைசியில் ஓட்டை மூட்டைகளை ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் சொன்னது: "அரிசி இல்லைன்னா இல்லைன்னு இருக்கட்டும். அதுக்காக மிளகு இவ்வளவு கனமா இருக்கறதும் சரியில்ல."

மூக்கு உள்ள மேனேஜர்

தூறலில் நனைந்த மிளகு மூட்டைக்குள்ளேயே வெந்து, மெட்ராஸ் போய்ச் சேரும்போது பூசண வாடை பிடித்துவிட்டது. கம்பெனி மேனேஜர் வாயைத் திறக்கமாட்டார், மூக்கை மட்டுமே கொண்டு வேலை பார்ப்பார். மூட்டையை அவிழ்த்தார், குனிந்தார், நிமிர்ந்தார். முழு லோடும் திரும்பியது.

சாவடிக் கதையைச் சொன்னேன். சாவடியா வந்து ரசம் வைக்கப்போகிறது என்பது போலப் பார்த்தார். இந்த ஒரு கம்பெனியை நம்பித்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. மற்றவர்கள் வாங்குவது பொட்டலம் பொட்டலமாக. அது அவருக்கும் தெரியும். வாசல்வரை வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அடுத்த லோடும் திரும்பிச்சுன்னா, அதோட நீங்களும் ஊருக்குப் போயிடுங்க. மறுபடி வர வேண்டாம்."

கொடி

அடுத்த லோடுக்காக மலையிலேயே கிடந்து பொறுக்கி வாங்கினேன். காயவைக்க வழக்கமான களம்தான். அது ஊரின் பெரிய மிராசுதாருடையது; அவரைப் பண்ணை என்றுதான் எல்லோரும் சொல்வோம். களத்தை ஒட்டிய நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்டது அஞ்சம்மாள் குடும்பம். எனக்கு மிளகு புடைத்துக் கொடுக்கும் பெண்களுக்குத் தலைவியும் அவள்தான். நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்த சமயம் அது. பண்ணை தன் நிலத்தை உறவுக்காரர்கள் பெயரில் பிரித்து எழுதிவிட்டு, குத்தகைக்காரர்களை வெளியேற்றப் பார்ப்பதாகப் பேச்சு.

ஒருநாள் காலை போய்ப் பார்க்கிறேன், பரப்பிய மிளகுக்கு நட்ட நடுவில் ஒரு செங்கொடி. ஒரு ஓரத்தில் பண்ணையும் ஆட்களும். எதிர் ஓரத்தில் அஞ்சம்மாளும் விவசாயச் சங்கத்துக்காரர்களும். கொடி நட்ட இடத்தில் யார் கால் வைத்தாலும் அடிதடிதான். "ஒங்க மெளகு கெடக்குறது தெரியுங்க. ஆனா நாளைக்கு ஐயா களத்தையும் சேத்து வேலி போடப்போறாராம், அதான் இன்னைக்கே நட்டுட்டோம்" என்றாள் அஞ்சம்மாள், வருத்தத்தோடுதான்.

மிளகை நானே அள்ளிக்கொள்கிறேன் என்றேன். நான் பண்ணைக்கு வாடகை கொடுப்பவன், நான் அள்ளினால் களம் பண்ணையின் அனுபவத்தில், அதாவது அவர் கைவசத்தில், இருப்பதாக ஆகிவிடும் என்றார்கள் சங்கத்தார். பெண்கள் அள்ளட்டும் என்றேன். அப்படியானால் அவர்கள் அனுபவம் ஆகிவிடும் என்றார் பண்ணை. சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து, பேச்சுவார்த்தை முடியும்வரை இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார். "சார், என் மிளகு?" என்றேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "அதுவும் இருக்கிறபடியே இருக்கட்டும்."

மேகம்

மத்தியானம் சாய்ந்ததும் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கோடை மழை.  என் பிழைப்பு முழுவதும் அங்கே கறுப்பாகக் காய்ந்து கிடக்கிறது, இரண்டு பக்கமும் ஆட்கள் கைகட்டி நிற்கிறார்கள். கும்பிட்டுக் கேட்டேன். யாரும் அசையவில்லை.

முதல் துளி விழுந்தது. அவ்வளவுதான். யார் முதலில் ஓடினார்கள் என்று எனக்குத் தெரியாது. களத்தில் தானியம் கிடக்கும்போது மழை விழுந்தால் எங்கள் ஊர்க்காரன் கால் தானாக ஓடும். அது யார் தானியம் என்று கேட்கிற வழக்கம் அந்தக் காலுக்குக் கிடையாது. பெண்கள் முறத்தால் வாரினார்கள். பண்ணையின் ஆட்கள் துடைப்பத்தால் தள்ளினார்கள். பண்ணையே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேல்துண்டால் கூட்டினார். "ஐயா, அங்க என்ன செய்யிறீங்க, நடுவுக்குத் தள்ளுங்க!" என்று அஞ்சம்மாள் அதட்ட, அவர் மறுபேச்சில்லாமல் நடுவுக்குத் தள்ளினார். கொடியைச் சுற்றி அம்பாரம் குவிந்தது. அதன்மேல் தார்ப்பாயை மூடினோம். உச்சியில் கொடிமட்டும் வெளியே நின்றது.

மழை விட்டது. எல்லோரும் சொட்டச் சொட்ட நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பண்ணைக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. "நீ இப்ப களத்துல எறங்குனது அனுபவத்துல சேராது, அஞ்சம்மா." அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "நீங்க எறங்குனதும்தாங்க ஐயா."

விதைநெல்

எப்படியோ இரண்டு தரப்பையும் கெஞ்சி, அம்பாரத்தை அங்கேயே மூட்டை கட்டி எடுத்துவந்தேன். மிளகு கெடும் அளவுக்கு நனையவில்லை. லாரியோடு நானும் மெட்ராஸ் போனேன். மேனேஜர் குனிந்தார், முகர்ந்தார். முகம் மலர்ந்தது. நானும் அப்போதுதான் மூச்சு விட்டேன். அடுத்து ஒரு கை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். கறுப்புக்கு நடுவே பளிச்சென்று மஞ்சளாக நெல்மணிகள். அவசரத்தில் வாரியபோது, களத்து விரிசலில் ஒதுங்கிக் கிடந்த நெல்லும் சேர்ந்து வந்துவிட்டது.

நான் கதை முழுவதையும் சொன்னேன். கொடி, ஜீப், மழை, மேல்துண்டு, எதையும் விடவில்லை. இந்தத் தடவை அவர் முழுதாகக் கேட்டார். பிறகு அந்த நெல்லை என் கையில் போட்டார். "கொண்டுபோய்ப் பொறுக்கிக் கொண்டாங்க. இதைத் திரும்பின லோடாக் கணக்கு வைக்கலை. ஆனா ஒண்ணு, நாங்க ரசப்பொடிக்காரங்க, விதைநெல் வாங்கறதில்லை."

ஒரு பிடி

களத்தில் யாரும் இறங்கக்கூடாது என்பதால் என் வீட்டுக் கூடத்திலேயே பெண்கள் உட்கார்ந்து பொறுக்கினார்கள். அஞ்சம்மாளுக்கு மேனேஜர்மேல் கோபம். நெல் கிடப்பதை ஒரு குற்றமாகச் சொல்கிற மனிதனை அவள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பொறுக்கி முடித்தபோது நெல் ஒரு பிடி சேர்ந்திருந்தது.

எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, பண்ணையின் காரியஸ்தர் வாசலில் வந்து நின்றார். களத்து நெல் களத்துக்காரருக்கே சேரவேண்டும் என்றார். விளைவித்தவர்கள் நாங்கள் என்றாள் அஞ்சம்மாள். ஒரு வேளைக் கஞ்சிக்குக் காணாத நெல். இரண்டு பேரும் கை நீட்டவில்லை. மற்றவர் கைக்குப் போய்விடக்கூடாது, அவ்வளவுதான். காரியஸ்தருக்குக் கொடுத்தால் அடுத்த மிளகு புடைக்க ஆள் வராது. அஞ்சம்மாளுக்குக் கொடுத்தால் அடுத்த மிளகு காயவைக்கக் களம் கிடைக்காது. நான் விழிப்பதைப் பார்த்து அவளே தீர்ப்புச் சொன்னாள்: "எடம் யாருதுன்னு முடிவாகுற வரைக்கும் அது ஒங்ககிட்டயே இருக்கட்டுங்க. பொங்கித் தின்னுட மட்டும் தின்னுடாதீங்க."

லோடு தேறியது, கம்பெனி தங்கியது, பண்ணை போய்ச் சேர்ந்தார், அஞ்சம்மாளும் போய்ச் சேர்ந்தாள், வழக்குமட்டும் பிள்ளைகள் கையில் நடக்கிறது. இத்தனை காலம் ஊருக்கெல்லாம் மிளகு தரம் பார்த்ததில் என் அலமாரியில் மிஞ்சியிருப்பது, யாருடையது என்று இன்னும் தீராத ஒரு பிடி நெல்.