சுருட்டை விரியனும் அண்ணனின் விரலும்

மதுரை ஆய்வகம் ஒன்றில் சுருட்டை விரியனின் விஷம்தான் என் வேலை. விஷத்திலுள்ள புரதங்களைப் பெப்டைடு எனப்படும் சிறு துண்டுகளாக உடைத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடைபோடுவோம். எடையை வைத்து அது எந்தப் புரதத்தின் துண்டு என்று கண்டுபிடிப்பேன். ரத்தக்குழாயை அரிப்பது எது, ரத்தத்தை உறையவிடாமல் கெடுப்பது எது என்று தெரியும். எல்லாம் திரையில் எழும் கோடுகளாகத்தான்.

லீவில் திருச்சுழிப் பக்கம் ஊருக்கு வந்திருந்தேன். அண்ணன் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவன். சாப்பாடு கொண்டுபோன என் கண்முன்னே கட்டைக் குவியலுக்குள் கைவிட்டவன் அலறிக்கொண்டு உதறினான். ஆள்காட்டி விரலில் விரியன் தொங்கியது.

அவனுடைய கூட்டாளி அதைக் கடப்பாரையால் அடித்தார். செத்த பிறகும், மண்ணும் சதையும் ஒன்றாகும்வரை அடித்தார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு, அண்ணனின் கையைக் கட்டைமேல் வைத்து மிதித்தார்.

"எங்கய்யாவப் பாம்பு கடிச்சப்ப தாமசமா வெட்டுனேன், செத்துப்போனாரு. இப்பமே வெட்டணும்."

"வெட்டுனா ரத்தம் நிக்காதுண்ணே. அந்த வெசத்தத்தான் தெனம் பாக்கேன்."

"தள்ளு தாயி."

அரிவாளை ஓங்கினார். பாய்ந்து அந்தக் கையைக் கடித்தேன். வாயெல்லாம் கரியும் உப்பும். அவர் உதறியதில் அரிவாள் என் முன்கையைக் கிழித்தது. ஒரு விறகை எடுத்து அவர் முழங்காலில் ஓங்கி அடித்தேன். விழுந்தார்.

"வண்டிய எடுங்கண்ணே" என்றேன். நொண்டியபடியே பைக்கை எடுத்தார். நடுவில் அண்ணன், பின்னால் நான். அருப்புக்கோட்டை போய்ச் சேருமுன் அண்ணனின் ஈறிலிருந்து ரத்தம் கசிந்து, முன்னால் ஓட்டியவரின் சட்டை முதுகை நனைத்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்தார்கள். பொறுத்திருந்து சாய்த்தபோது தண்ணீராய் ஓடியது. விஷமுறிவு மருந்து ஏற ஏற, மறுநாள்தான் உறைந்தது. விரல் நுனியில் அழுகிய சதையைச் சுரண்டி எடுத்தார்கள். விரல் மிஞ்சியது, மடங்காது.

கூட்டாளி முழங்காலில் கட்டோடு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். என் கைத் தையலைப் பார்த்தார்.

"அப்ப எங்கய்யா வெசத்துல சாகலயா? நான் வெட்டுனதுலயா செத்தாரு? ஒங்க மிஷினு அதச் சொல்லுமா தாயி?"

"சொல்லாதுண்ணே."

"நீ சொல்லு."

அவருடைய அப்பாவைக் கடித்தது எந்தப் பாம்பு என்றுகூட எனக்குத் தெரியாது. "வெசமாத்தான் இருக்கும்ணே" என்றேன்.

அவர் நம்பவில்லை.