ஆயுத பூஜைக்கு இன்ஜினைக் குளிப்பாட்டினேன்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. ஆவடி பருத்திப்பட்டில் ரோட்டோரமாக எனக்கு ஒரு சின்ன மெக்கானிக் ஷெட். இருபது வருஷம் கார்புரேட்டர் வண்டிகளோடு மல்லுக்கட்டியவன். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று கொஞ்சம் திமிரும் உண்டு.

அண்ணனூர்க்காரர் ஒருவர், டாக்சி ஓட்டுபவர், என் பழைய வாடிக்கையாளர். புது மாதிரி கார் ஒன்று வாங்கியிருந்தார். கார்புரேட்டரே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். கோளாறு என்றால் ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். ஆயுத பூஜைக்கு வண்டியை என்னிடம் விட்டுப் போனார். பழைய வண்டிகளுக்குச் செய்கிற மாதிரியே பானெட்டைத் திறந்து இன்ஜின் மேலேயும் வேகமாகத் தண்ணீர் அடித்தேன். ஈரம் காய்வதற்குள் சந்தனம், குங்குமம் எல்லாம் தாராளமாக வைத்தேன். சாயந்திரம் அவர் வந்து வண்டியை எடுத்துப் போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வண்டி உதறிக்கொண்டே ஷெட்டுக்குள் வந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

"இன்னா அண்ணாத்தே, புது வண்டி இப்டி உதறுது? பத்து மணிக்கு ஏர்போர்ட் சவாரி கீது!"

தண்ணீர் அடித்தது உடனே ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "பெட்ரோல்ல தண்ணி கலந்து கீது நைனா. எங்க போட்ட?"

எதிர்ப் பங்க்கில்தான் போட்டிருந்தார். "அவன உட மாட்டேன்" என்று ரோட்டைத் தாண்டி ஓடினார்.

நான் அவசர அவசரமாக வேலையை ஆரம்பித்தேன். அந்த வண்டியில் இரண்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்தால், மஞ்சள் விளக்கு சிமிட்டியே கோளாறின் எண்ணைச் சொல்லும். நீளச் சிமிட்டல் பத்து, குட்டைச் சிமிட்டல் ஒன்று. அம்பத்தூரில் ஒரு வகுப்பில் கொடுத்த காகிதத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். மூன்று நீளம், ஒரு குட்டை. இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சார். அதன் ஒயர் சொருகியைக் கழற்றினால், உள்ளேயிருந்து சிவப்பாக இரண்டு சொட்டு விழுந்தது. குங்குமத் தண்ணீர்!

துடைத்து மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அப்போது எதிரே பார்த்தேன். பெட்ரோல் போடுகிறவர், தினமும் என்னோடு டீ குடிக்கிற மனுஷன், தலையைக் குனிந்து நிற்கிறார். டிரைவர் கத்துகிறார். மேனேஜர் வெளியே வந்து, "சட்டையக் கழட்டிட்டு கெளம்பு" என்று பங்க் யூனிஃபார்மைக் காட்டுகிறார்.

சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று தோன்றியது. கையில் கிரீஸோடு ஓடினேன்.

"பெட்ரோல் நல்லாத்தான் கீது சார். நான்தான் இன்ஜின்ல தண்ணி அட்ச்சேன். தெரிஞ்சேதான் இவர் மேல பழியப் போட்டேன்."

மேனேஜர் முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். டீ நண்பர் சட்டைப் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டே சொன்னார்: "மொதல்ல போய் வண்டியப் பாரு. அவரு சவாரி போவணும்ல? என்னை அப்பால சமாதானம் பண்ணிக்கோ."

ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண் கலங்கிவிட்டது.

சொருகியில் காற்றடித்துக் காயவைத்து மாட்டினேன். பேட்டரி ஒயரைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்து மாட்டியதும், கம்ப்யூட்டர் பழைய கோளாறை மறந்து விளக்கு அணைந்தது. வண்டி பூப்போல ஓடியது, சவாரியும் தப்பியது.

மதியம் திரும்பி வந்த டிரைவர் முதலில் பங்க்குக்குத்தான் போனார். டீ நண்பரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அடுத்த வருசம் டயருக்கு மட்டும் பூஜ போடு சாமி, இன்ஜின உட்ரு!" என்றார். மூன்று பேரும் சிரித்தபடி டீ குடித்தோம்.

இன்றைக்கும் ஒரு வண்டி பழுதாகி நின்றால், அடுத்தவரைக் கைகாட்டுவதற்கு முன்னால், இதில் என் கை எங்கே பட்டது என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.