பட்டாசு ஊரில் கிடைத்த அமைதி

போன வாரம் என் ஆராய்ச்சியின் மூன்றாவது அத்தியாயம் பிழைத்துக்கொண்டது. "இன்னும் படிச்சு முடிக்கலையா?" என்று மாசம் தவறாமல் கடிதம் போடும் அன்பர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்!

நிலநடுக்கம் வந்தால் தரைக்குள் அலை எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் படிப்பு. போட்ட கணக்கு சரியா? அதை பூமிதான் சொல்ல வேண்டும். அதற்காக, பெட்டிக்குள் அடைத்த ஒரு கருவியை வீட்டுத் தரையில் வைத்து, நம் காலுக்குத் தெரியாத குட்டி அதிர்வுகளை மாதக்கணக்கில் பதிவு செய்ய வேண்டும்.

முதலில் காரியாபட்டியில் சித்தப்பா வீட்டில் வைத்தேன். பம்ப்செட், டிராக்டர், கிரைண்டர்... எல்லாம் பதிவானது, பூமியைத் தவிர. "இன்னும் ஆறு மாசம் பாரும்மா. நல்ல பதிவு வரலைன்னா இந்த ஆராய்ச்சியையே விட்டுட வேண்டியதுதான்" என்றார் பேராசிரியர். நாலு வருஷ உழைப்பு — ஹாஸ்டலுக்கு வந்து அழுதேன்.

கடைசியில் இடம் கொடுத்தவர் ஏழாயிரம்பண்ணை மாரியம்மாள் அக்கா. பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து அடைப்பவர். அவருக்குப் போய் நான் பாடம் எடுத்தேன் — பாத்திரத்தைக் கீழே போடக் கூடாது, எதையும் தரையில் இழுக்கக் கூடாது...

"எங்ககிட்டயேவா சொல்றீக?" என்று சிரித்தார். "மருந்து ரூமுல செருப்பில்லாம நடந்து, ஒரு சாமானையும் உரசாம தூக்கி வச்சுப் பழகுனவக நாங்க. வீட்லயும் கை அப்படித்தான் வருது."

போன வாரம் பதிவைப் பார்த்த பேராசிரியர், "எந்தக் காட்டுலம்மா வச்சே?" என்றார். பட்டாசு ஊரில் என்றேன். நம்பவே இல்லை.

உயிருக்குப் பயந்து ஒருவர் பழகிய பழக்கம், இன்னொருவருக்குப் பட்டம் வாங்கித் தருகிறது. இந்த நன்றியை ஆய்வேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

கருவியை எடுக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டிய மட்டுமாவது வச்சிட்டுப் போங்க தாயி. எங்க வீட்டுக்காரரு கத்துனாலும், கதவ ஓங்கி அடிச்சாலும் உங்க காலேஜு கம்ப்யூட்டருல பதிஞ்சிரும்னு சொல்லி வச்சிருக்கேன். ஆறு மாசமா வீட்ல சண்டையே கெடையாது!"

கருவி என்னோடு வந்துவிட்டது. காலிப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. அக்காவின் வீட்டுக்காரர் பட்டாசு கம்பெனி லோடு வேன் ஓட்டுகிறார். வழியில் அவரைப் பார்த்தால்... பெட்டி காலி என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்!