இடது மூலை விசை

கட்டாருக்குப் போவதற்கான விசா என் கணவருக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லும்படி ஏஜென்சிக்காரர் கேட்டிருந்தார். கல்முனை பஸாரில் ஒரு தொலைபேசிக் கடையில்தான் அவருக்கு வேலை. அந்தச் சம்பளத்தோடு வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்று எனக்கும் கிடைத்தால் அவர் போகத் தேவையில்லை. இதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் பதிவுசெய்த பேச்சைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்ய ஆள் எடுக்கும் ஒரு கொழும்பு நிறுவனத்துக்கு நான் விண்ணப்பித்த நாளிலிருந்து, அவர் பயணப் பையை அலுமாரிக்கு மேலிருந்து இறக்காமலே இருந்தார்.

தேர்வு வியாழக்கிழமை பிற்பகல். என் மடிகணினியின் விசைகளில் பாதி உப்புக் காற்றில் செத்துப்போயிருந்தன. அதனால் அவர் தன்னுடைய புது விசைப்பலகையைத் தந்தார். வயர் இல்லாதது, கைக்கு அடக்கமானது, விசைப்பலகைப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்றே செய்தது. கட்டார்க் கதை வருவதற்கு முன்பே ஆசைப்பட்டு வாங்கி, பிள்ளையைத் தூக்குவது போல இரு கையாலும் தூக்கித் திரிந்த சாமான்.

எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்தோடு இந்த வீடு எனக்கு வந்தது. உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் சின்ன வீடு கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். என் மகளைத் தூக்கிப்போக வந்த உம்மா அந்த விசைப்பலகையைப் புரட்டிப் பார்த்தார்.

“மருமகன், இது பாதிதானே வந்திருக்கு? மத்தப் பாதி எங்க?”

“இவ்வளவுதான் மாமி. தேவையில்லாத விசையெல்லாம் எடுத்திட்டாங்க.”

“விலையில எடுத்தாங்களா?”

கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எடுத்துவிட்ட விசைகளில் என்னுடையது ஏதும் இருக்குமோ என்று நினைத்தேன்.

“பாரு புள்ள, இந்த மூலையில ரெண்டு விசைய ஒண்டாக்கி வெச்சிருக்கான். சும்மா அமுக்கினா எஸ்கேப். கீழ இருக்கிறத சேத்து அமுக்கினாத்தான் மத்தது. வெளங்கிச்சா?” என்று கணவர் என்னிடம் கேட்டார்.

“ஓம்” என்றேன். விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

காலையில் பழகிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தமிழ்ப் பாடப் புத்தகத்தை விரித்து வைத்து ஒரு பாடம் முழுவதும் அடித்தேன். விசைகள் மெதுவாக இறங்கின. ஓட்டில் தூறல் விழுவது போல ஒரு சத்தம். ஒரு பிழையும் வரவில்லை. நான் அமைதியாகியிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு சுலபமாக வருகிறதே என்பதே எனக்குப் பயமாக இருந்தது.

மதியத் தொழுகையான லுஹரை முடித்துவிட்டு, கமெரா இருக்கிறது என்பதற்காகத் தலைத்துணியை ஒழுங்காக ஊசி குத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நிபந்தனைகள் திரையில் வந்தன. பேசுகிறவர் சொன்ன எதையும் விடக்கூடாது. இடத்தை விட்டு எழும்பக்கூடாது. தேர்வுப் பக்கம் திரை முழுவதும் நிறைந்திருக்க வேண்டும். அதை விட்டு வெளியேறினால் எச்சரிக்கை வரும், மூன்றாவது எச்சரிக்கையோடு தேர்வு முடிந்துவிடும்.

பிஸ்மி சொல்லித் தொடங்கினேன். காதில் வயதான ஒரு நெல் ஆலைக்காரரின் குரல்.

“அல்ஹம்துலில்லாஹ், அந்த வருசம் நல்ல விளைச்சல்…”

இரண்டாவது எழுத்தைத் தாண்டி விரல் போனதும் திரை சுருங்கியது. நடுவில் சிவப்புப் பெட்டி. முதல் எச்சரிக்கை. நான் எதையும் தொடவில்லையே! கரண்ட் போனதா, இணையம் அறுந்ததா என்று தடுமாறித் திரும்பவும் உள்ளே வந்தேன். குரல் காத்திருக்கவில்லை. விட்டதைப் பிடிக்க வேகமாக அடித்தேன். மறுபடியும் சிவப்புப் பெட்டி.

அப்போதுதான் என் இடது சின்ன விரலைப் பார்த்தேன். அது மூலை விசையின் மேல் இருந்தது. தட்டச்சு வகுப்பில் நான் பழகிய பாமினி முறையில் ஹ அந்த மூலையில்தான். இத்தனை வருடமாக ஊராரின் கல்யாண அழைப்பிதழ்களையும் பள்ளிவாசல் அறிவித்தல்களையும் அடித்துக் கொடுத்த விரல், என்னைக் கேட்காமலே அங்கே போய் விழுகிறது. இந்தப் பலகையில் அங்கே இருப்பது எஸ்கேப், தொட்டாலே முழுத்திரையை விட்டு வெளியேற்றிவிடும் விசை. காலையில் நான் அடித்த பாடத்தில் ஆறும் மரமும் வந்தன, ஹ ஒரு தடவைகூட வரவில்லை. எங்கள் வாயிலிருந்து ஹ இல்லாமல் நாலு வசனம் வராது என்பது எனக்குத் தெரியாததா?

இனி ஒரு எச்சரிக்கைதான் மிச்சம்.

“மில்லுக்கு நெல்லு வந்து குவிஞ்சிது, அல்ஹம்துலில்லாஹ்.”

மற்றக் கையால் கீழ் விசையை அழுத்திப் பிடித்து, மூலையைத் தொட்டேன். ஹ வந்தது. ஆனால் அதற்குள் அவர் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். யோசித்தால் பிந்துகிறேன், யோசிக்காவிட்டால் விரல் தன் பாட்டில் போகிறது. அவர் மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடத்திலும், சொல்லிவிடாதீங்க வாப்பா, சொல்லிவிடாதீங்க என்று மனம் அந்த முதியவரிடம் கெஞ்சியது. ஒரு மனிதர் அல்லாஹ்வைப் புகழ்வதை வேண்டாம் என்று நினைக்கிறேனே என்று உடனே பயந்தேன். அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று வாய்க்குள் மன்னிப்புக் கேட்டேன். கமெராவுக்கு நான் யாருடனோ கதைப்பது போலத் தெரியுமோ என்று அதற்கும் பயம்.

பின்வளவில் மகள் அழத் தொடங்கினாள். உம்மா அவளைத் தட்டும் சத்தமும் கேட்டது.

விசைகளின் மூடிகளைக் கழற்றலாம் என்று கணவர் செய்து காட்டியது அப்போது நினைவுக்கு வந்தது. கழற்றுகிற கருவி பெட்டிக்குள், பெட்டி அடுத்த அறையில். எழும்ப முடியாது. தலைத்துணியிலிருந்து ஊசியை உருவினேன். ஒரு கையால் அடித்துக்கொண்டே மறு கையால் மூலை மூடியின் அடியில் ஊசியைக் குத்தி நெம்பினேன். மூடி தெறித்து மடியில் விழுந்தது. துணி சரிந்தது, தோளால் தாங்கிக்கொண்டேன்.

மூடி இருந்த இடத்தில் ஒரு சிறு குச்சி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த அல்ஹம்துலில்லாஹ்வுக்கு விரல் வழக்கம்போல ஓடியது. குச்சி சுருக்கென்று பட்டதும் நின்றது. கீழ் விசை, பிறகு குச்சி. ஹ. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். விரல் நுனி சிவந்துவிட்டது. மூன்றாவது எச்சரிக்கை வரவில்லை. குரல் முடிந்தபோது கடைசி வசனத்தில் பாதி எனக்கு அகப்படவில்லை. கேட்டவரைக்கும் அடித்து அனுப்பினேன்.

கணவர் கடையிலிருந்து வந்து மூடி இல்லாத விசைப்பலகையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. நடந்ததைச் சொன்னேன்.

“நீ ஹ அடிப்பாய் எண்டு எனக்கு ஞாபகம் வரல்லியே புள்ள” என்றார். “நான் அதுல இங்கிலிசுதானே அடிச்சன்.”

வெள்ளி காலை நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசினார். எச்சரிக்கை ஏன் வந்தது, ஊசியை எடுத்து என்ன செய்தேன் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன்.

“ரெண்டு இடத்துல வசனம் விடுபட்டிருக்கு” என்றார். “கடைசியும் முடியல்ல. ஆனா அவர் சொன்ன அல்ஹம்துலில்லாஹ் ஒண்டையும் நீங்க வெட்டல்ல. மத்தவங்க வெட்டிட்டாங்க. மூணு மாசம் பார்ப்பம். நிரந்தரம் எண்டு இப்ப சொல்ல ஏலா.”

ஜும்ஆத் தொழுகைக்கு முன் கணவர் ஏஜென்சிக்காரருக்கு அழைப்பு எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்.

“மூணு மாசம் கழிச்சு வந்து நிண்டா இந்த இடம் இருக்காது தம்பி. வீட்டுல கேட்டுச் சொல்லுங்க.”

அவர் தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். போங்க என்று சொல்வதுதான் பொறுப்பான மனைவிக்கு அழகோ என்று ஒரு கணம் ஓடியது. மூன்று மாதத்தில் அவர்கள் என்னை வேண்டாம் என்றால்? மகள் என் இடுப்பிலிருந்து அவர் பக்கம் கையை நீட்டினாள்.

“இருங்க” என்றேன்.

“இல்ல காக்கா, நான் வரல்ல” என்று அவர் ஏஜென்சிக்காரரிடம் சொன்னார். குரலில் சந்தோஷமா கவலையா என்று எனக்குப் பிடிபடவில்லை. தொழுகைக்குத் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் வெளியே போனார். நான் மகளைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, அவர்கள் அனுப்பியிருந்த முதல் பதிவைத் திறந்தேன்.